சத்தம் கேட்டும் ஓடாத ஒரு நாள்

திருகோணமலையிலிருந்து ஹபரணைப் பாதையில் சுமார் 40 கிலோமீற்றர் வந்தால் எங்கள் கந்தளாய். பஸ்ஸில் கடந்து போகிறவர்களுக்குச் சந்தியும் கடைகளும் வயல்வெளியும்தான் தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கோ இந்த ஊர் முதலில் ஒரு சத்தம். குளம் நிரம்பி வான் பாய்ந்தால் ஒரு சத்தம். துருசு திறந்து வாய்க்காலில் தண்ணீர் விழுந்தால் வேறொரு சத்தம். பாயில் படுத்தபடியே, இன்றைக்குத் தண்ணீர் கூடுதலாக விட்டிருக்கிறார்களா குறைத்து விட்டிருக்கிறார்களா என்று எங்கள் அப்பா சொல்லிவிடுவார்.

1986 ஏப்ரல் 20 அதிகாலை மூன்று மணியளவில் அந்தக் குளக்கட்டு உடைத்தது. நூற்றுக்கும் அதிகமானோர் வெள்ளத்தில் போனார்கள். எங்கள் வீடு மேட்டு நிலத்தில் இருந்தபடியால் நாங்கள் தப்பினோம். அன்று கேட்டது நான் அதற்கு முன் கேட்டிராத சத்தம். பாரம் ஏற்றிய லொறிகள் வரிசையாக வருவது போலிருந்தது. "லொறி போகுது, படு" என்றார் அம்மா. அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தச் சத்தத்துக்கும் யாரும் "ஒண்டுமில்லை, படு" என்று சொன்னதில்லை.

அதற்குப் பின்னால் வந்த சத்தங்களை உங்களுக்கு நான் பட்டியல் போட்டுக் காட்டத் தேவையில்லை. ஷெல் புறப்படுகிற சத்தத்துக்கும் விழப்போகிற சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பக்கத்தை வாசிக்கிற அநேகருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்துபோனாலும் காது படித்தது மறப்பதில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் பேத்தி. ஊர் மைதானத்தில் கார்னிவல் போட்டிருந்தார்கள். இராட்டினம், படகு ஊஞ்சல், மரணக் கிணறு எல்லாம் வந்து இறங்கின. எட்டு வயதுப் பிள்ளை, தொலைக்காட்சியில் எதையோ பார்த்துவிட்டு, "அம்மம்மா, இதில ரோலர் கோஸ்டர் இருக்குமா?" என்று கேட்டாள். நம் ஊருக்கு அதெல்லாம் வராது என்றேன். "நீங்க ஏறியிருக்கிறீங்களா?" என்றாள். ஏறவில்லை, பக்கத்தில் நின்றிருக்கிறேன் என்றேன். பக்கத்தில் நின்ற கதையைச் சொல்லு என்று விடாப்பிடியாக இருந்தாள். அவளுக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை உங்களுக்குச் சொல்கிறேன்.

என் தங்கச்சியின் கணவரை 1990இல் வீட்டில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். இன்றுவரை வரவில்லை. அவள் ஒரு கைப்பிள்ளையையும் வயிற்றுப் பிள்ளையையும் கொண்டு மன்னார்ப் பக்கமாகப் போய், வள்ளமேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் பதிந்து, கடைசியில் சென்னைக்கு வடக்கே உள்ள கும்மிடிப்பூண்டி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தாள். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, போக்குவரத்துக் கொஞ்சம் இலகுவானது. சவூதியில் வேலை செய்த என் மச்சாள் ரிக்கட்டுக்குக் காசு அனுப்பினாள். 2004 மே மாதம், 14 வருடங்களுக்குப் பிறகு, என் தங்கச்சியைப் பார்க்கப் போனேன்.

அவள் மாறியிருந்தாள். மெலிந்திருந்தாள், நரைத்திருந்தாள்; அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பாராதது அவளுடைய குரல். சின்ன வயதில் எங்கள் வளவுக்குள் நின்று கூப்பிட்டால் குளக்கட்டில் நிற்கிற அப்பாவுக்குக் கேட்கும் என்று சொல்லுவோம். முகாமில் அவள் பக்கத்தில் இருந்து பேசுகிறவளுக்குக் கூடக் கேட்காத குரலில் கதைத்தாள். பத்துக்குப் பத்து அறை, தகடு போட்ட மறைப்பு, அடுத்த வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் குரலைச் சுருட்டி வைத்துத்தானே ஆகவேண்டும்?

"பெரியம்மா வந்திருக்கிறா, ஒரு நாளைக்கு எங்கேயாவது போவோம்" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்தக் காலத்தில் சென்னைப் பிள்ளைகளின் ஆசையெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தாம்பரம் பக்கத்திலும் இருந்தது. வி.ஜி.பி., எம்.ஜி.எம்., கிஷ்கிந்தா என்று ஒரே மூச்சில் சொல்லுவார்கள். அவற்றில் ஒன்றுக்குப் போவதென்று முடிவாயிற்று. விடியற்காலையில் புறநகர் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து பஸ் மாறிப் போனோம். இரவுக்கு முன் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற கவலை தங்கச்சிக்குப் புறப்படும்போதே தொடங்கிவிட்டது.

வழியில் மகன் வி.ஜி.பி.யின் சிலை மனிதரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான். காவலாளி உடுப்பில் ஒருவர் மணிக்கணக்காக அசையாமல் நிற்பாராம். சனம் சுற்றி நின்று முகத்தைக் கோணிக் காட்டி, பாட்டுப் பாடி, எப்படியாவது சிரிக்கவைக்கப் பார்க்குமாம். அவர் சிரிக்கவே மாட்டாராம். தங்கச்சி என் காதருகே குனிந்து, "அக்கா, செக் பொயின்ற்றில நாங்க நிண்ட நிலையைப் பார்த்தால் எங்களுக்கும் அந்த வேலை தந்துவிடுவாங்கள்" என்றாள். வந்த மூன்று நாளில் அவள் சொன்ன முதல் பகிடி அதுதான்.

உள்ளே நுழைந்து பத்து நிமிடம் இராது. மரங்களுக்கு மேலே இரும்புப் பாதை தெரிந்தது. அங்கிருந்து "டக்... டக்... டக்... டக்..." என்று ஒரு சத்தம். அது கொஞ்ச நேரம் கேட்டு, நின்றது. நின்றதும் ஒரு அமைதி. பிறகு வானமே இறங்கி வருவதுபோல ஒரு இரைச்சல், அதற்கு மேலே இருபது முப்பது பேர் சேர்ந்து போட்ட கூக்குரல்.

நான் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் முழந்தாளில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. தங்கச்சி மகளின் தலையை அமத்திப் பிடித்துக்கொண்டு நிலத்தில் கிடந்தாள். அந்தப் பிள்ளை இலங்கையில் பிறந்ததே தவிர அங்கே வளர்ந்தது அல்ல. அதற்கு வெட்கமாகப் போய்விட்டது. "அம்மா, எழும்புங்கோ, எல்லாரும் பார்க்கினம்" என்று அழுகிற குரலில் சொன்னது. நாங்கள் இரண்டு பேரும் எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம்.

வேலிக்கு உள்பக்கம் எண்ணெய்க் குவளையோடு நின்ற ஒரு வயதான தொழிலாளி இதைக் கண்டுவிட்டார். எங்கள் பேச்சை வைத்தே எந்த ஊர் என்று ஊகித்திருப்பார் போலும். கிட்ட வந்து, "பயப்படாதீங்கம்மா" என்று தொடங்கி, அதன்பிறகு சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "அந்த டக்கு டக்கு சத்தம் கேக்குதில்ல? அது கேக்கலைன்னாதான் நான் பயப்படணும்."

வண்டிகளை மேலே இழுப்பது ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலி அவ்வளவாகச் சத்தம் போடுவதில்லை. வண்டிக்கு அடியில் இரும்பு நாக்கு ஒன்று தொங்குகிறது. பாதையின் நடுவே வாள் பல்லைப் போலப் பற்கள் வைத்த ஒரு சட்டம் கிடக்கிறது. வண்டி மேலே ஏற ஏற அந்த நாக்கு ஒவ்வொரு பல்லையும் தாண்டி அடுத்த இடுக்கில் விழுகிறது. விழும்போதெல்லாம் ஒரு "டக்". சங்கிலி அறுந்துபோனாலும் வண்டி பின்னுக்கு உருளாது. கடைசியாக விழுந்த பல்லிலேயே நாக்குப் பிடித்து நிறுத்திவிடும். வள்ளங்களைக் கரைக்கு இழுக்கிற கைச் சுழற்றியிலும் இதே வேலைப்பாடு உண்டு, துறைமுகப் பக்கத்துச் சகோதரிகள் கண்டிருப்பீர்கள். ஜோன் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1900களின் தொடக்கத்தில் இதைத் திருத்தமாக அமைத்தார் என்று பிறகு என் மகன் கணினியில் தேடித் தந்தான். வண்டி பாதையைவிட்டு மேலே எழும்பிவிடாமல் அடியிலும் சில்லு வைக்கிற முறையும் அவருடையதுதான். எங்களை நிலத்தில் படுக்கவைத்த சத்தம், உண்மையில் ஏறியிருந்த பிள்ளைகளைப் பல் பல்லாகப் பிடித்துக் காத்துக்கொண்டிருந்த சத்தம்.

அந்த இரைச்சலுக்கும் காரணம் சொன்னார். பாதையின் இரும்புக் குழாய்கள் உள்ளே வெறுமையானவை. சில்லு ஓடும்போது முழுப் பாதையும் பறை போல அதிருகிறது. சில நாடுகளில் பக்கத்து வீட்டார் முறையிட்டால் குழாய்க்குள் மணல் நிரப்பி விடுவார்களாம், சத்தம் அமுங்கிவிடும். இது எனக்கு உடனே விளங்கிற்று. வெறும் தார்ப் பீப்பாயில் தட்டினால் எப்படி அதிரும்? அதே பீப்பாயில் மண் நிரப்பிக் காவலரண் முன் வைத்திருப்பார்களே, அதில் தட்டினால் எப்படி இருக்கும்? மண் நிரப்பிய பீப்பாயை நாம் வேறு காரணத்துக்காக அறிந்தோம், அவ்வளவுதான். சில்லின் மேல் உறை எந்தப் பொருள் என்பதைப் பொறுத்தும் சத்தம் மாறுமாம். நைலோன் கடினமானது, வேகமாக ஓடும், இரைச்சலும் கூட. மென்மையான உறை போட்டால் அமைதி, ஆனால் வேகம் சற்றுக் குறையும்.

இரைச்சல் விளங்கினாலும் கூக்குரல் விளங்கவில்லை. மனிதர் கத்துவதை இரும்பைப் போலப் பிரித்துப் பார்க்க முடியுமா? என் பயத்தைக் கோழைத்தனம் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். பிறகு வாசித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. கூக்குரலில் ஒரு கரகரப்பு இருக்கிறது. சாதாரணப் பேச்சில் இல்லாத அளவுக்கு அது விரைவாக ஏறி இறங்குகிறது. மூளையில் பயத்தை எழுப்புகிற பகுதியை அது நேரே தட்டுகிறது என்று 2015இல் நரம்பியல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தார் 2021இல் இன்னொன்றைக் கண்டார்கள். கோபத்தில் கத்துவது, வலியில் கத்துவது என்று பலவகைக் கூக்குரலைச் சேகரித்து, முகம் காட்டாமல் ஆட்களுக்குக் கேட்கவைத்தார்கள். பெரும்பாலானவற்றைச் சரியாகவே சொன்னார்கள். சந்தோஷக் கத்தலை மட்டும் பயக் கத்தல் என்றே சொன்னார்கள். யுத்தத்தையே காணாதவர்களின் காதும் அப்படித்தான் ஏமாறுகிறது. காதுக்கு அந்த இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் கண்ணில்தான் தெரியும்.

அன்றைக்கு அந்தத் தொழிலாளி சொல்லித்தந்த வழியும் அதுவே. "அந்த பெஞ்சில உக்காந்து இறங்குறவங்க மூஞ்சியப் பாருங்கம்மா." நாங்கள் இருந்து பார்த்தோம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை டக் டக், அமைதி, இரைச்சல், கூக்குரல். அது முடிந்ததும் ஒரு கூட்டம் தலைமயிர் கலைந்து, கால் தடுமாறி, ஒருவர் தோளை ஒருவர் அடித்துச் சிரித்துக்கொண்டு படியிறங்கி வந்தது. தங்கச்சி எண்ணினாள். ஏறினபோது எண்ணினாள், இறங்கினபோதும் எண்ணினாள். முதல் தடவை, இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. ஐந்தாவது தடவை இரைச்சல் வந்தபோது நான் கடலைச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"கத்தினவை எல்லாரும் திரும்பி வருகினம் அக்கா" என்றாள்.

ஓரிடத்தில் அசையாமல் இருந்தால் சனத்தின் போக்கும் தெரியவரும். காலையில் வாசலைத் தாண்டியதும் கண்ணில் படுகிற முதல் ராட்டினத்திலேயே எல்லாரும் நிற்பார்கள். அங்கே வரிசை பாம்பாக வளையும்போது, கடைசி மூலையில் உள்ளவை ஆளில்லாமல் சுற்றும். இது தெரிந்த மகன் முதலில் கடைசிக்குப் போய்விட்டு, மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் முன்னுக்கு வந்தான். எதிரெதிராக வருகிற கூட்டம், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, போவதற்கு ஒரு ஒழுங்கை வருவதற்கு ஒரு ஒழுங்கை என்று தானாகப் பிரிந்து நடந்தது. இன்னொன்றையும் கண்டேன். ஒவ்வொரு ராட்டினத்துக்கு வெளியிலும் நாலைந்து பைகளையும் செருப்புகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இருந்தாள். ஒரு குடும்பத்துக்கு ஒருத்தி. ஆண் அப்படி இருந்ததை அன்று முழுக்க நான் காணவில்லை. பையைக் காக்கிற பெண்ணும் ரிக்கட் எடுத்துத்தானே உள்ளே வந்தாள் என்று கேட்க அங்கே யாருமில்லை.

வரிசைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்பதில் நமக்கு யார் என்ன சொல்லித்தர முடியும்? மண்ணெண்ணெய்க்கு நின்றோம், நிவாரண அரிசிக்கு நின்றோம், பாசுக்கு நின்றோம். தகவல் கேட்டு எத்தனை கந்தோர் வாசல்களில் நின்றோம்! ஆனாலும் அன்று ஒரு புதிய வரிசையைப் பார்த்தேன். மகள் எப்படியோ தாயைச் சம்மதிக்கவைத்து ரோலர் கோஸ்டருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பைகளோடு நான் இருந்தேன். வரிசைக் கம்பியருகே நின்ற பையன், "இங்கேருந்து அரை மணி நேரம்மா" என்றான். தங்கச்சி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எனக்குக் கேட்கும்படி, "எவ்வளவு நேரமெண்டு சொல்லுறாங்கள் அக்கா" என்றாள்.

டேவிட் மைஸ்டர் என்பவர் 1985இல் காத்திருப்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெரிய பூங்காக்களில் இருந்து வங்கிகள் வரை அதைப் பின்பற்றுகிறார்கள். இவ்வளவு நேரம் என்று தெரிந்த காத்திருப்பைவிடத் தெரியாத காத்திருப்பு நீளமாக இருக்கும். காரணம் சொல்லாத தாமதம் இன்னும் நீளமாக இருக்கும் என்கிறார் அவர். அதனால்தான் அங்கே நேரத்தைச் சொல்கிறார்கள், வரிசையை வளைத்து வளைத்து நகர்ந்துகொண்டே இருக்கும்படி அமைக்கிறார்கள். ராட்டினம் ஏறுவதற்கு நிற்பவர்களின் மனம் நோகக்கூடாதென்று இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். 1990இலிருந்து ஒருத்தி நிற்கிற வரிசையில் அரை மணியா, அரை ஆயுளா என்று வந்து சொல்ல யாருமில்லை.

அரை மணி அரை மணியாகவே இருந்தது. அவர்கள் ஏறினார்கள். டக் டக் தொடங்கியது. நான் பைகளைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். அமைதி வந்தது. பிறகு இரைச்சலும் கூக்குரலும். அந்த முப்பது குரலில் ஒன்று எனக்குத் தெரிந்தது. எங்கள் வளவுக்குள்ளிருந்து குளக்கட்டுக்குக் கேட்கிற குரல். 14 வருடத்துக்குப் பிறகு அதைக் கேட்டேன்.

அவள் படியிறங்கி வந்தபோது கொண்டை அவிழ்ந்திருந்தது, தொண்டை கட்டியிருந்தது. "என்ன சொல்லிக் கத்தினாய்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்ல. சும்மா கத்தினன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்ல அக்கா."

அமெரிக்காவின் கோனி ஐலண்டில் 1927இல் கட்டிய சைக்கிளோன் என்ற மரப் பாதை ரோலர் கோஸ்டர் இன்றும் ஓடுகிறது. பல வருடமாகப் பேச்சிழந்திருந்த ஒரு சுரங்கத் தொழிலாளி 1948இல் அதில் ஏறிக் கத்தியதாகவும், இறங்கியதும் பேசியதாகவும் அந்நாளில் பேசப்பட்டது. அது எவ்வளவு தூரம் மெய்யோ, நான் அதைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். 2020இல் கொரோனா காலத்தில் ஜப்பானின் ஃபுஜி-கியூ பூங்காவில் தொற்றுப் பரவும் என்பதால் கத்தக்கூடாது என்றார்கள். "மனதுக்குள் கத்துங்கள்" என்பது அவர்கள் கொடுத்த அறிவுரை. இதையும் சொன்னேன். "அதில எங்களுக்குப் பயிற்சி தேவையில்லை" என்றாள். பங்கருக்குள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர்களுக்கு உண்மையிலேயே தேவையில்லைதான்.

இதை வாசித்துவிட்டு எல்லாரும் போய் ஏறுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், முதுகு அல்லது கழுத்து வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறவே கூடாது. சத்தத்துக்கு இரவில் திடுக்கிட்டு எழும்புவது ஓயாமல் தொடர்ந்தால் ராட்டினம் அதற்கு மருந்தல்ல. ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவிலோ ஒரு உளவளத்துணையாளரிடமோ கதைப்பதில் வெட்கமில்லை. ஒரு சத்தம் எதனால் வருகிறது என்று தெரிந்தால் அதன் பாரம் குறைகிறது என்பது மட்டும் என் அனுபவம்.

ஊர் திரும்பி இரண்டு வருடத்தில் கந்தளாயில் வேறொரு கூட்டத்தைப் பார்த்தேன். 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது ஆயிரமாயிரமாகச் சனம் கந்தளாய்க்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் நிறைந்தன. நாங்கள் சோறும் தண்ணீரும் கொண்டு ஓடினோம். நடந்து வந்த சனத்தைப் பார்த்தபோது எனக்குச் சென்னைப் பூங்காவின் நினைவு வந்தது, அந்த நேரத்தில் அப்படி நினைத்ததற்காக என்னையே கடிந்துகொண்டேன். பூங்காவில் கூட்டம் சுற்றிச் சுற்றி வந்து வாசலுக்கே திரும்பும், கத்திக்கொண்டே இருக்கும். இந்தக் கூட்டம் ஒரே திசையில் வந்தது. குழந்தைகள்கூட அழவில்லை. பெரிய ஆபத்தில் இருந்து வருகிற சனம் சத்தமில்லாமல்தான் வருகிறது. அதைக் கண்டபிறகு, கத்துகிற கூட்டத்தைக் கண்டு எனக்குப் பயம் குறைந்துவிட்டது.

ஆனால் நெருக்கத்துக்குப் பயப்படத்தான் வேண்டும். 2025 செப்டெம்பர் 27 அன்று தமிழ்நாட்டில் கரூரில் ஓர் அரசியல் கூட்டத்தில் நெரிபட்டு 41 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். ஒரு சதுர மீற்றரில், அதாவது ஒரு சின்னப் பாயளவு இடத்தில், நாலு பேர் நின்றால் நகரலாம். ஆறு ஏழு பேர் ஆனால் நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மைத் தண்ணீர் போலக் கொண்டுபோகிறது. நான்கு பக்கமும் உடம்பு முட்டத் தொடங்கினால் அங்கே நிற்காதீர்கள், விலக வழி இருக்கும்போதே விலகுங்கள். மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் வையுங்கள். செருப்புக் கழன்றாலும் பை விழுந்தாலும் குனியாதீர்கள். எதிர்த்துத் தள்ளாமல், தள்ளல் ஓயும் இடைவெளியில் கோணலாக ஓரத்துக்கு நகருங்கள். தேர்த் திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் இது பொருந்தும். பிள்ளைகளின் கையில் தொலைபேசி இலக்கத்தைப் பேனாவால் எழுதிவிடுங்கள். தவறிவிட்டால் எந்த இடத்துக்கு வரவேண்டும் என்று உள்ளே போகுமுன்பே ஓர் இடத்தைக் காட்டிவையுங்கள்.

இப்படியெல்லாம் ஆயத்தம் செய்துகொண்டு பேத்தியை எங்கள் ஊர்க் கார்னிவலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிங்களப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் ஒன்றோடொன்று மோதின. ஜெனரேற்றர் இரைந்தது. மரணக் கிணற்றுக்குள் சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிள் சுற்றத் தொடங்கியதும் அவள் இரண்டு காதையும் பொத்தினாள். கிணற்றுப் பலகை முழுதும் நடுங்கியது. "விழுந்திடுவாரா அம்மம்மா?" வேகம்தான் அவரைச் சுவரோடு அமத்திப் பிடிக்கிறது, சத்தம் கேட்கிற வரைக்கும் விழமாட்டார் என்றேன். அவள் ஒரு காதைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மற்றதையும் திறந்தாள்.

பெரிய இராட்டினத்துக்கு வரிசையில் நின்றபோது கைபேசி அடித்தது. தங்கச்சி. அவள் இன்னமும் கும்மிடிப்பூண்டியில்தான். 2021இலிருந்து அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். அறை அதே அறை. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஓரமாகப் போய்க் கதைக்கப் பார்த்தேன்.

"அதென்ன அக்கா சத்தம்? எல்லாரும் கத்துகினம்?"

"கார்னிவல். பேத்தியோட நிக்கிறன்."

"ஏறப் போறியா?"

பேத்தி என் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் ஆறு பேர்தான் இருந்தார்கள்.

"பையைப் பிடிக்க ஆளில்லை" என்றேன்.

"பையையும் கொண்டு ஏறு" என்றாள், முகாமுக்கே கேட்கிற குரலில்.